துரைக்காகப் படித்த தமிழ்

தமிழின் பெரிய காவியம் ஒன்றை நான் முதன்முதலில் இங்கிலீஷில்தான் படித்தேன். காவியத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இரண்டு கட்சிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் யார் என்பது போகப்போகத் தெரியும்.

கல்லூரியில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பச்சைத் தோல் அட்டை, தங்க எழுத்து. மொழிபெயர்த்தவர் ஒரு பாதிரியார். நம் பக்கத்தில் நெடுங்காலம் இருந்தவர், நல்ல மனிதர், பாடுபட்டுத் தமிழ் கற்றவர். ஆனால் தமிழ்நாட்டுப் பெண்கள் சத்தம் போட்டும் பேசுவார்கள் என்பது மட்டும் எப்படியோ அவர் காதில் விழாமலே போயிருந்தது. அவர் புத்தகத்தில் ராணிகளும் தாதிகளும் கோயிலில் ஜெபம் சொல்வதுபோலவே பேசினார்கள். கோபம் வந்தால் பெருமூச்சு விட்டார்கள். சந்தோஷம் வந்தாலும் பெருமூச்சுதான். நான் அதையெல்லாம் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்து, தமிழ்க் கவிதை மிகவும் உயர்ந்தது, கொஞ்சம் தூக்கம் வரவழைப்பது என்ற முடிவுக்கு வந்து, புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன்.

என் தமிழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது அம்பத்தூரில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். அதில் முதன்முதலாகக் கால்சட்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறினவன் நான். ஹைஸ்கூலில் தமிழ் வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். வாத்தியாரும் தூங்குவார், நாங்களும் தூங்குவோம். கல்லூரியில் வேண்டுமானால் அதை விட்டுவிடலாம் என்றார்கள். விட்டுவிட்டேன். பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா ஆன பிறகு, கத்திரிக்காய் வாங்கவும் மனைவிக்குப் பதில் சொல்லவும் மட்டுமே எனக்குத் தமிழ் தேவைப்பட்டது. இரண்டாவது காரியத்துக்கு என் தமிழ் போதாது என்பது அவள் கட்சி.

அப்போது அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டிடத்தில் எங்கள் இலக்கியச் சங்கம் நடந்துவந்தது. காலை வண்டியில் பட்டணம் போய்ச் சாயந்திர வண்டியில் திரும்புகிறவர்கள்தான் அங்கத்தினர்கள். எல்லோரும் தமிழர்கள். சங்கத்தின் விதிப்படி பேச்சு முழுக்க இங்கிலீஷ். சனிக்கிழமைதோறும் கூடி, நாங்கள் பார்த்தேயிராத பூக்களைப் பற்றியும் பனிக்காலத்தைப் பற்றியும் பேசி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

ஒருமுறை கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது உத்தரத்திலிருந்து ஒரு பாம்பு இறங்கியது. அதை முதலில் பார்த்த அங்கத்தினர் எழுந்து நின்று, சங்கத் தலைவரை முறைப்படி விளித்து, அவருடைய மேலான கவனத்தை ஒரு சிறு விஷயத்தின்பால் ஈர்க்க அனுமதி வேண்டினார், இங்கிலீஷில். தலைவர் அனுமதி கொடுப்பதற்குள் பாம்பு பாதித் தூரம் வந்துவிட்டது. பொருளாளர் தாங்கமாட்டாமல் "ஐயோ, பாம்பு!" என்று அலறினார். அடுத்த கூட்டத்தில் நடவடிக்கைக் குறிப்பை வாசித்தபோது, அவர் வேற்றுமொழியில் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தார் என்று இருந்தது.

தலைவர் ஓய்வுபெற்ற டிப்டி கலெக்டர். பென்ஷன் இருந்தது, தோட்டம் இருந்தது, சரிகைத் தலைப்பாகை இருந்தது. பட்டம்தான் இல்லை. வருஷாவருஷம் சர்க்கார் பட்டம் கொடுக்கும் பட்டியல் பத்திரிகையில் வரும் நாளன்று அவர் யார் கண்ணிலும் படமாட்டார். பெயர் மேலே இருக்காது என்ற அடக்கத்தால் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிப்பாராம். மறுநாள் வெளியே வந்து, பட்டம் வாங்குவதில் தமக்கு நம்பிக்கையே இல்லை என்பார்.

அந்த வருஷம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய துரையைப் பிடித்துவிட்டார். பட்டியல் தயாராகிற இடத்தில் அந்தத் துரைக்குச் செல்வாக்கு உண்டு என்று பேச்சு. துரை எங்கேயோ ஒரு தேநீர் விருந்தில், தமிழ் இனிமையான பாஷை என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன் என்று சொன்னாராம். அது போதாதா?

"ஜென்டில்மென், தமிழ்க் காவியத்தைப் பற்றி ஒரு லெக்சர் வேணும். ஃபர்ஸ்ட் கிளாஸ் இங்கிலீஷில் இருக்கணும்" என்றார் தலைவர் கமிட்டியில்.

காவியத்தைப் படித்தவர் யார் என்று கேட்டபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். என் அலமாரியில் பச்சை அட்டைப் புத்தகத்தைப் பார்த்த பொருளாளர் என்னைக் காட்டிக்கொடுத்தார்.

"வெரி குட். நடுவிலே ஒரிஜினல் தமிழிலும் ரெண்டு வரி சொல்லுங்கோ. ரெண்டே வரி. அதுக்கு மேலே போனா துரைக்கு அலுப்பு வந்துடும்."

அந்த இரண்டு வரிதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

எந்த இரண்டு வரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காவியத்தின் நடுவில் ஓர் இடம். நாயகன் வெகுகாலம் கழித்து வீடு திரும்புகிறான். நாயகி 'அல்லி போன்ற தலையைத் தாழ்த்தி, தன் துயரை மெல்ல உணர்த்தினாள்' என்று பாதிரியார் எழுதியிருந்தார். கல்லூரியில் அதைப் படித்து நான் கண்கலங்கியிருக்கிறேன். அதன் மூலத்தைக் கண்டுபிடித்து மனப்பாடம் செய்துவிட்டால் தீர்ந்தது.

பட்டணத்தில் பழைய புத்தகக் கடையில் மூலமும் உரையும் கிடைத்தன. தலையணை கனம். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து திறந்தேன். எழுத்து ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. ஆனால் அவை ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கே ஒரு சொல் முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று காட்டாமல் நின்றன. திருவிழாக் கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவதுபோல வரி வரியாகத் தேடினேன். 'மலை' என்று ஒன்று தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது வேறொரு சொல்லின் வாலும் இன்னொரு சொல்லின் தலையும்.

சரி, உரை இருக்கிறதே என்று கீழே பார்த்தேன். உரையாசிரியர் எளிய சொற்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியாத பாட்டுகளின் கீழே 'இதன் பொருள் வெளிப்படை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்.

பூந்தமல்லியில் ஒரு பண்டிதர் இருக்கிறார், காவியம் முழுவதும் தலைகீழ்ப் பாடம் என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கிளம்பினேன். அம்பத்தூரிலிருந்து அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி மண் சாலையில் மிதித்துப் பூந்தமல்லி கடைத்தெருவுக்குள் நுழைந்தால், லாடம் அடிக்கிற கொட்டகைக்கு அடுத்த வீடு. பண்டிதர் என் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

"என்ன வேண்டி வந்தீர்?"

"ஐயா, நாயகன் திரும்பி வருகிற இடத்தில் நாயகி பேசுகிற பாட்டு இருக்கிறதல்லவா? அதைப் படித்துக்காட்ட வேண்டும்."

"நூலைத் தொடுமுன் காப்புச் செய்யுளைத் தொட வேண்டும். காப்பைத் தொடுமுன் எழுத்திலக்கணத்தைத் தொட வேண்டும். அமரும்."

அமர்ந்தேன். அன்று முழுவதும் காப்புச் செய்யுளின் முதல் எழுத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த ஞாயிறும் அதே எழுத்து. காஞ்சிபுரத்தில் இன்னொரு பண்டிதர் இருந்தாராம். அவர் அந்த எழுத்து அங்கே மங்கலம் கருதி வந்தது என்று ஒரு பத்திரிகையில் எழுதிவிட்டாராம். எங்கள் பண்டிதர் அது மங்கலம் கருதி மட்டும் வரவில்லை என்பவர். இந்த வழக்கில் எதிராளி இடத்தில் என்னை உட்கார வைத்து அவர் ஞாயிறுதோறும் ஜெயித்துக்கொண்டிருந்தார். நாலாவது ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, ஆண்டு விழா நெருங்குகிறது. நாயகி எப்போது வருவாள்?"

"அவள் வருவதற்கு நீர் தகுதி பெற வேண்டும்" என்றார் பண்டிதர்.

அன்றைக்குத் திரும்புகிற வழியில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மதகின்மேல் உட்கார்ந்தேன். மழை பொய்த்த வருஷம். ஏரியில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, மற்ற இடமெல்லாம் வெடித்த மண். மனுஷர் யாருமில்லை. எனக்குப் பண்டிதர்மேல் கோபம், தலைவர்மேல் கோபம், உரையாசிரியர்மேல் எல்லாரையும்விட அதிகக் கோபம். புத்தகத்தை நடுவில் பிரித்து, அந்தப் பாட்டுகளைக் கத்திப் படித்தேன். ஒன்றும் புரியவில்லை. இன்னும் கத்திப் படித்தேன். மூச்சு முட்டிய இடத்தில் நிறுத்தி, மறுபடி பிடித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். நான் மூச்சு விட நிறுத்தின இடங்களில் சொற்களும் நின்றன. கண்ணுக்கு ஒரே சுவராகத் தெரிந்த வரி, வாயில் போட்டால் துண்டு துண்டாக உடைந்தது. ஒரு சொல் தெரிந்தது, அடுத்தது பாதி தெரிந்தது. தெரிந்த இரண்டுக்கும் நடுவே இருந்தது என்னவாக இருக்கும் என்று ஊகித்து உரையைப் பார்த்தால், ஊகம் சரியாக இருந்தது! இருட்டறைக்குள் கொஞ்ச நேரம் நின்றால் பாத்திரம் பண்டம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்குமே, அந்த மாதிரி.

தெரிந்தது என்ன என்று சொல்ல வேண்டும். நாயகி தலையைத் தாழ்த்தவே இல்லை. நாயகனை வாசற்படியிலேயே நிறுத்திவைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். உன் குதிரைக்கு வீட்டு வழி நினைவிருந்தது, உனக்கு இல்லையா என்கிறாள். காலில் இருப்பது எந்த ஊர்த் தூசி, அதைக் கழுவிவிட்டு வா, மேலே இருக்கிற வாசனை எந்தப் பெண்ணுடையது, அதைக் கழுவ எங்கள் கிணற்றில் தண்ணீர் போதாது என்கிறாள். தோழி குறுக்கே வந்து சமாதானம் சொன்னால், நீயும் அவனிடம் வளையல் வாங்கினாயோ என்று அவளுக்கும் ஒரு குத்து. பாட்டுக்குப் பாட்டு ஏறிக்கொண்டே போகிற சண்டை. இத்தனையையும் பாதிரியார் ஓர் அல்லிப் பூவுக்குள் அடக்கிவிட்டார்!

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனையோ வருஷங்களாக எனக்கு மரியாதை மட்டுமே இருந்த ஒரு பொருளின்மேல் முதல்முறையாக ஆசை வந்தது.

சிரிப்பு நின்றபோது கரைமேல் ஒரு பெரியவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"இன்னா நைனா, மழைக்கா படிக்கிறே?" என்றார் பெரியவர். மழை பொய்த்தால் ஏரிக்கரையில் பழைய கதை படிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு.

"மழைக்கெல்லாம் இல்லைங்க. இது காவியம். புருஷனை ஒருத்தி திட்டுகிறாள், அதைப் படிக்கிறேன்."

அவர் யோசித்தார். "அதுக்கு இன்னாத்துக்கு ஏரிக்கரைக்கு வந்தே? உன் ஊட்ல கெடைக்காதா அது?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையை அத்தனை பெரிய புத்தகத்தில் அச்சடித்து, அதைக் கால்சட்டை போட்ட ஓர் ஆள் சைக்கிளில் தூக்கி வந்து வெயிலில் கத்துவான் என்று எந்தப் புத்தியுள்ளவன் நம்புவான்?

அடுத்த ஞாயிறு பண்டிதர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மதகுக்குப் போனேன். நாயகியின் சண்டை முடியும் இடத்தில் வானம் கறுத்து, இடி இடித்து, நான் சைக்கிளைத் தொடுவதற்குள் கொட்டியது. அந்த மாசத்தில் சாயந்திரத்தில் இப்படி ஒரு மழை பெய்வது எங்கள் பக்கத்தில் அதிசயமே இல்லை. ஆனால் அதைக் கேட்க அங்கே யார் இருந்தார்கள்? அதற்கு அடுத்த ஞாயிறு நான் போனபோது மதகைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை.

"நிறுத்திடாதே நைனா. ஏரி இன்னும் பாதிகூட ரொம்பல" என்றார் பெரியவர்.

"ஐயா, நான் அன்றைக்கே சொன்னேனே. இது மந்திரம் இல்லை."

"நீ இன்னாவோ வெச்சிக்க. அந்தப் பொம்பள திட்டறாளே, அத்தையே படி. அது படிச்சப்பத்தான் பேஞ்சிது. வேற எதுனா படிச்சி கெடுத்துடாதே."

இப்படியாக நான் கூட்டத்துக்கு முன்னால் வாசிக்கப் பழகினேன். தடுமாறினால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற தைரியத்தில் தொடங்கினேன். சில வாரங்களில் தடுமாறாமல் வாசித்தேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பேர் வந்து, எங்கள் ஏரிக்கும் ஒரு நாள் வந்து படிக்க வேண்டும், வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அயனம்பாக்கத்துக்காரர்கள் விடவில்லை. இரண்டு ஊருக்கும் வாய்த் தகராறு மூண்டது. நாயகி அதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

இன்னொரு ஞாயிறும் மழை பிடித்துக்கொண்டது. சொட்டச் சொட்ட நனைந்து, கைப்பிடியில் தேங்காய் தொங்க நான் வீட்டுக்கு வந்ததைப் பார்த்து என் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"இங்கிலீஷ் லெக்சருக்குத் தேங்கா குடுப்பாங்களா இன்னா? எங்கதான் போய்கினு வர்றீங்க?"

உள்ளே வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அந்தப் பாட்டுகளை அவளுக்குப் படித்து, எனக்குத் தெரிந்த மட்டில் அர்த்தமும் சொன்னேன். அவளுக்கு வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள்தான் பழக்கம். காவியம் என்றால் சாமி புஸ்தகம் என்று நினைத்திருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "இவ கேட்டது கம்மி" என்றாள். அடுப்படிக்குப் போனவள் கரண்டியோடு திரும்பி வந்தாள்.

"அதுக்கு அவன் இன்னா பதில் சொன்னான்?"

எனக்குத் தெரியாது. பாதிரியார் புத்தகத்தில் அவன் பதிலே சொல்லவில்லை. தலை தாழ்த்தியவளுக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அன்று இருவரும் உட்கார்ந்து அடுத்த பாட்டைப் பிரித்தோம். நாயகன் வாசலில் நின்றபடியே அழகான பொய்யாகச் சொல்லிக்கொண்டு போனான். அதில் ஒன்றிரண்டு நானே அவளிடம் சொன்னவை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உரையைப் பார்த்தேன். உரையாசிரியர் 'பொருள் வெளிப்படை' என்று எழுதியிருந்தார்.

ஆண்டு விழா வந்தது. மாவிலைத் தோரணம், காகிதப் பூ, துரைக்கு மட்டும் பட்டணத்திலிருந்து வரவழைத்த ஐஸ். தலைவர் சரிகைத் தலைப்பாகையோடு ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வந்தார். துரை சிவந்து தடித்த, சாதுவான மனிதர். மாலையைப் போட்டதும் உட்கார்ந்தார். தலைவரின் வரவேற்புப் பேச்சு ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஆழ்ந்து கேட்கிறார் என்று தலைவர் இன்னும் நீட்டினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுதிவைத்திருந்த லெக்சர் உண்மையிலேயே ஃபர்ஸ்ட் கிளாஸ் இங்கிலீஷ்தான். வீரம், தர்மம், பெண்மை என்று வரிசையாகப் போய் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தேன். பாதிரியாரின் அல்லிப் பூ வாக்கியத்தை வாசித்தேன். வாசித்ததும் எனக்குத் தொண்டையில் சிரிப்பு ஏறியது. இரண்டு வரி சொல்லத்தான் புத்தகத்தை எடுத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் உத்தேசம். ஆனால் ஏரிக்கரையில் பழகின குரல், ஆரம்பித்தால் நிற்கிற குரல் இல்லை. குதிரை வந்தது, தூசி வந்தது, கிணறு வந்தது, வளையல் வந்தது. ஒவ்வொரு பாட்டையும் முடித்து, வீட்டில் மனைவிக்குச் சொன்ன மாதிரியே பேச்சுத் தமிழில் அர்த்தம் சொன்னேன்.

முதலில் சபை விறைத்துப் போய் இருந்தது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீர் போதாது என்ற இடத்தில் பொருளாளர் ஒரு சத்தம் போட்டார். தும்மல் என்று நினைத்தேன், அது சிரிப்பு. நாலைந்து வருஷமாக இங்கிலீஷ் ஹாஸ்யங்களுக்குப் புன்னகை மட்டும் செய்துவந்த மனிதர் தொடையில் அடித்துச் சிரித்தார். அது பரவியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜட்கா வண்டிக்காரர்கள், "இன்னொரு தபா சொல்லு அண்ணாத்தே, அந்த வளையல் சமாச்சாரம்" என்றார்கள். இன்னொரு தடவை சொன்னேன்.

"ஆர்டர்! ஆர்டர்!" என்று தலைவர் மணியை அடித்தார். "மிஸ்டர், ரெண்டு வரி! ரெண்டு வரின்னு சொன்னேன்!"

மணிச் சத்தத்தில் துரை விழித்தார். சபை முழுவதும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, தாமும் சிரித்தார். எழுந்து, இங்கிலீஷில், தமிழர்களுடைய ஆழ்ந்த சோகம் நிறைந்த இந்தக் கவிதை தம் உள்ளத்தை உருக்கிவிட்டது என்றார். கடைசியாக, தமிழிலேயே எனக்கு நன்றி சொல்ல ஆசைப்படுவதாக அறிவித்தார். துரை என் பக்கம் திரும்பி, தம் வீட்டுச் சமையற்காரரிடமும் குதிரைக்காரரிடமும் கற்ற தமிழில், கணீரென்று சொன்னார்:

"நல்லா பண்ணினே. போ."

தலைவர் உடனே எழுந்து, துரையவர்கள் லெக்சரரை மனமார வாழ்த்துகிறார் என்று மொழிபெயர்த்தார். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு நடந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எல்லோரும் கை தட்டினோம்.

மறுவாரமே அவசரக் கூட்டம். சங்கத்தின் விதியை மீறியதற்காக என்னை விலக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் எனக்காக எழுந்து பேசினார்கள், இங்கிலீஷில். கடைசியில் சங்கம் இரண்டாக உடைந்தது. சிரித்தவர்கள் வெளியே வந்து அடுத்த தெருவில் தமிழுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். பொருளாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்களாலே" என்று கண்ணீர் விட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புதிய சங்கத்தில் முதல் தீர்மானம், பிறமொழிச் சொல் ஒன்றும் வாயில் வரக்கூடாது என்பது. கமிட்டி என்பதற்குத் தமிழ் என்ன என்று முடிவு செய்யக் கமிட்டி போட்டார்கள். மேஜை, நாற்காலி, சோடா எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தார்கள். புதுப் பெயரில் சோடா கேட்டால் கடைக்காரர் கையை விரித்தார். தாகம் தாங்காதவர்கள் தெருமுனை தாண்டிப் போய்ப் பழைய பெயரில் குடித்துவிட்டு வந்தார்கள். பழைய சங்கத்தில் இங்கிலீஷ் பேசும்போது இருந்த அதே விறைப்பான முகத்தோடு இப்போது தமிழ் பேசினார்கள். பாம்பு வந்திருந்தால் இங்கேயும் முறைப்படி அனுமதி கேட்டுக்கொண்டுதான் நின்றிருப்பார்கள்.

அவர்களுடைய முதல் விழாவுக்குத் தலைமை தாங்கப் பூந்தமல்லிப் பண்டிதரை அழைத்தார்கள். நான் அதே பாட்டுகளை வாசிப்பதாக ஏற்பாடு. பண்டிதர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அப்பகுதி பிற்காலத்தார் இடைச்செருகல். தமிழ்க் குலமகள் தன் கணவனை வாயிலில் நிறுத்தி இவ்வாறு வினவாள். அவள் தலை தாழ்த்தியிருப்பாள்."

சபை கை தட்டியது. தொடையில் அடித்துச் சிரித்த பொருளாளரும் தட்டினார். தமிழின் மானத்தைக் காப்பாற்ற, அந்தப் பாட்டுகளைப் பொது இடத்தில் வாசிப்பதில்லை என்று தீர்மானமாயிற்று. பாதிரியாரும் பண்டிதரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் நன்றாக ஒத்துப்போயிருப்பார்கள். அன்று நானும் புத்தகமும் வெளியே வந்தோம். தலைவருக்கு மறு வருஷம் பட்டம் வந்தது. பாராட்டு விழாவை இரண்டு சங்கங்களும் போட்டி போட்டுக்கொண்டு நடத்தின.

எனக்குச் சங்கமில்லாமல் போனதில் நல்லது ஒன்று உண்டு. சனிக்கிழமைச் சாயந்திரம் வீட்டில் இருந்தேன். என் மனைவி காய் நறுக்குவாள், நான் வாசிப்பேன். நாலு பாட்டுக்கு ஒருமுறை அவள் நிறுத்தி ஏதாவது கேட்பாள். எனக்குத் தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டால் இருவரும் ஊகிப்போம். போர்க்கள வர்ணனை வந்தால் அவள் எழுந்து மாவாட்டப் போய்விடுவாள். இப்படிக் காவியத்தில் முக்கால் பங்கு வருவதற்குள் உலகத்தில் நிஜமான யுத்தமே வந்துவிட்டது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானபோது, என் மனைவியின் சொந்தக்காரர்கள் ராயபுரத்திலிருந்தும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தும் மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அடைத்துக்கொண்டு இருந்தோம். ஆவடிப் பக்கம் ராணுவ லாரிகள் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். பயத்தை மறக்க வேறு வழி தெரியாமல், சாயந்திரங்களில் விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். முன்கதையை என் மனைவி சொன்னாள். உரையாசிரியரைவிட நன்றாகவே சொன்னாள்.

காவியத்தின் முடிவு எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நாயகனும் நாயகியும் சமாதானமாகி அரண்மனையில் வாழ்வதோடு பாதிரியாரின் புத்தகம் முடியும். அந்த இடமும் வந்தது. புத்தகத்தை மூடப்போனேன். என் விரலுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு கட்டுத் தாள் இருந்தது.

வாசித்தேன். வருஷங்கள் போகின்றன. நாயகன் மறுபடி ஒரு பயணம் கிளம்புகிறான். வாசல்வரை வந்து அவனை வழியனுப்பும் நாயகி, இந்தத் தடவை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவன் போனதும் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, தோழியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, தான் பிறந்த மலை நாட்டுக்கு நடந்து போய்விடுகிறாள். அவன் வந்து தேடுகிறான். அவள் திரும்புவதில்லை. திட்டுவதற்குக்கூட ஆளில்லாத வாசலில் அவன் நிற்பதோடு கடைசிப் பாட்டு முடிகிறது. உரையைப் பார்க்காமலே எனக்குப் புரிந்தது. கடைசி வரியைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன்.

மைத்துனர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"இன்னா மாமா இது? அவ்ளோ நாள் குடும்பம் நடத்திட்டு, சொல்லாம கொள்ளாம பூட்டா என்ன அர்த்தம்?"

"சொன்னாளே, மொதல்லியே! வாசல்ல நிக்க வெச்சி அத்தினி சொன்னாளே. கேட்டானா அவன்?" என்றாள் என் மனைவி.

"அதுக்காவ ஊட்டை விட்டா போவாங்க?"

"பின்ன, ஆயுசு பூரா திட்டிகினே இருக்கணுமா?"

ராயபுரத்து அத்தை என் மனைவி பக்கம் சேர்ந்தார். சிந்தாதிரிப்பேட்டைச் சித்தப்பா, அது பெண்களைக் கெடுக்கிற புத்தகம், நாளைக்கே அடுப்பில் போடு என்றார். அத்தை, போட்டால் அடுப்பில் வேறு எதுவும் ஏறாது என்றார். ஆண்கள் கூடத்திலும் பெண்கள் சமையலறையிலுமாகப் பிரிந்து, நடுவில் இருந்த கதவு வழியாகச் சண்டை போட்டார்கள். என்னை இரண்டு பக்கமும் சாட்சிக்கு இழுத்தார்கள். அவள் போனது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. அன்று அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருந்தது. உலை வைக்கவே இல்லை. எல்லோருக்கும் பசி, கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை. கடைசியில் நானும் மைத்துனரும் போய் அரிசி களைந்தோம்.